இன்னொரு தடவை உட்காருங்கண்ணே

வைகாசி பிறந்துவிட்டால் திண்டுக்கல் பக்கத்தில் பாதி ஜனம் பந்தலுக்கடியில்தான் குடியிருக்கும். கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது என்று நல்ல நாள் ஒன்றையும் மிச்சம் வைக்க மாட்டார்கள். விசேஷ வீட்டுக்காரர்களுக்கு அது ஒருநாள் அலைச்சல். மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். போட்டோக்காரிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. அவள் மறுநாள் வேறொரு பந்தலில் நின்று, வேறொரு மாமியாரிடம் "கொஞ்சம் சிரிங்கம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டும்.

மரியசெல்வி அந்த வாரம் முழுக்கக் கெஞ்சிக் களைத்திருந்தாள். அன்று காலை நத்தம் ரோட்டில் ஸ்கூட்டர் ஒரு வேகத்தடையில் ஏறிக் குதித்த பிறகுதான், தான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியிருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, "மாதாவே, இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிக் குடுத்துரு" என்று வேண்டிக்கொண்டு கிளம்பினாள்.

முன்பெல்லாம் அவர்கள் இரண்டு பேராக வருவார்கள். புருஷன் ஆண்டனிராஜ் வீடியோ எடுப்பான், அவள் போட்டோ எடுப்பாள். போன வருஷம் அவனுக்கு இடுப்பில் தட்டு விலகிவிட்டது. இப்போது நாகல்நகர் வீட்டு மாடியில் முதுகுக்குத் தலையணை கொடுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அவள் எடுத்துக்கொண்டு வருவதை வெட்டி ஒட்டுவதோடு சரி. வெளிவேலை மொத்தமும் அவள் தலையில். பழைய கேமரா இரண்டையும் தள்ளிவிட்டு ஒரு மிரர்லெஸ் வாங்கினார்கள். கடைக்காரன் எடுத்துக் காட்டியவற்றில் உசத்தியும் இல்லை, மட்டமும் இல்லை, நடுத்தரம். மேலே ஒரு திருகு. இந்தப் பக்கம் திருப்பினால் போட்டோ, அந்தப் பக்கம் திருப்பினால் வீடியோ. "ஒரே ஆளு ரெண்டு வேலையும் பாத்துரலாம் மேடம்" என்றான் கடைக்காரன். கேமரா இரண்டு வேலை பார்க்கும், வாஸ்தவம்தான். அதைத் தூக்குகிற ஆள் எத்தனை வேலை பார்ப்பாள் என்று அவன் யோசிக்கவில்லை. அவனுக்கென்ன, விற்றால் போதும்.

வீடியோ ஓடும்போது போட்டோ எடுக்க முடியாது. போட்டோவுக்குத் திருப்பினால் வீடியோ போச்சு. தாலி கட்டுகிற நேரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது? புருஷனும் பெண்டாட்டியும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முக்கியமான இடத்தில் வீடியோ மட்டும் ஓட்டிவிடுவது. பிற்பாடு அதிலிருந்தே ஆண்டனிராஜ் படத்தைப் பிரித்தெடுத்து ஆல்பத்தில் வைத்துவிடுவான். அரைப்பக்கப் படத்துக்குத் தாங்கும். இதுவரைக்கும் எந்த வீட்டிலும் கண்டுபிடித்ததில்லை.

அன்றைய விசேஷம் சாணார்பட்டிக்குக் கிழக்கே, மாந்தோப்புக்கு நடுவில் இருந்த ஒரு கருப்பணசாமி கோயிலில். தேவதர்ஷினி என்ற இரண்டு வயதுக் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறார்கள். வழியில் வைத்திருந்த பிளெக்சில் குழந்தையின் படம் ஒரு மூலையில் தம்மாத்துண்டு இருந்தது. மற்ற இடமெல்லாம் கூலிங்கிளாஸ் போட்ட சித்தப்பன்மார்.

ஸ்கூட்டரை விட்டு இறங்கி அவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே குழந்தையின் அம்மா மலர்விழி வந்து கையைப் பிடித்துப் புளியமரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, முகத்தில் மட்டும் விசேஷக்களை இல்லாமல் இருந்தாள்.

"அக்கா, நீங்க எத விட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மொட்டை விட்டுப்போனாலும் போகட்டும், பந்தி விட்டுப்போனாலும் போகட்டும். எங்கண்ணன் வந்து புள்ளைய மடியில வச்சு உக்காருவான். அது மட்டும் பூராவும் வேணும்க்கா. அவன் மூஞ்சி தெரியணும். பக்கத்துல நானும் தெரியணும்."

"தாய்மாமன் மடியில வைக்கிறத எவளாவது விடுவாளா? நீங்க கவலப்படாமப் போங்க" என்றாள் மரியசெல்வி. எல்லா வீட்டிலும் சொல்வதுதான்.

"இல்லக்கா. ஒங்களுக்கு விசயம் தெரியாது."

அப்புறம் நின்ற நிலையிலேயே விஷயத்தைச் சொன்னாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் மலர்விழியும் புருஷன் மோகன்குமாரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார்கள். சித்தையன்கோட்டையில் அவளுடைய அம்மா இறந்துவிட்டதாகப் போன் வந்தது. நல்ல கோடை. பஸ் பிடித்து, வழியில் அது நின்றுபோய், வேறு பஸ் மாறி, அழுதுகொண்டே வந்து தெருவில் இறங்குகிறாள். வீட்டு வாசலில் பாடை இல்லை. பிணம் தாங்காது என்று ஊர்க்காரர்கள் அவசரப்படுத்தியிருக்கிறார்கள். அண்ணன் சோலைமுத்து சரியென்று தலையாட்டியிருக்கிறான். அப்போதுதான் சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கொஞ்ச நேரம், அவ்வளவுதான் வித்தியாசம். பெண்பிள்ளை சுடுகாட்டுக்குப் போகக் கூடாது என்று நாலு பேர் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். பெற்ற தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்த அண்ணன் முன்னால் நடுத்தெருவில் நின்று, "எனக்கு ஆத்தாளும் செத்தா, அண்ணனும் செத்தான்" என்று மண்ணை வாரி வீசினாள். அன்றோடு உறவு அற்றது.

"இப்ப எம் மாமியா நாளுக்கு ஒருக்கா சொல்லுது, நாதியத்த வீட்டுல பொண்ணெடுத்தோம்னு. அதுக்காகன்னு நெனைக்காதீகக்கா. சொந்தக்காரவுக போயிப் பேசி, அவனும் வாரேன்னுட்டான். வருவேன், செய்ய வேண்டியத செய்வேன், கை நனைக்காமப் போயிருவேன்னு சொல்லி விட்டிருக்கான். போகட்டும். ஆனா வந்தான்ல? நாளைக்கு நான் ஒத்தையில உக்காந்து பாக்கணும்க்கா. வந்தான்னு எனக்கே நம்பிக்கை வரணும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் மரியசெல்வி ஆறுதல் சொல்லிவிட்டு மறந்திருப்பாள். விசேஷ வீட்டில் அழாத பெண்பிள்ளை யார்? இவள் கடையில் சாமான் பட்டியல் சொல்வது போலச் சொல்லிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். அதுதான் மரியசெல்விக்கு நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

முதலில் மொட்டை. கத்தி பட்டதும் குழந்தை கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கையெல்லாம் எழும்பிவிட்டது. மரியசெல்வி வீடியோ ஓட்டினாள். வெயில் நடுமண்டையில் இறங்கியது. கேமராவுக்குப் பின்னால் உள்ள சின்னத்திரை அந்த வெயிலில் வெறும் கறுப்புச் சில்லு. பார்த்தால் தன் முகம்தான் தெரியும். உத்தேசமாகத்தான் எடுக்க வேண்டும். மொட்டை முடிந்து தலையில் சந்தனம் பூசினார்கள். யாரோ ஒரு அத்தை பிரியமாக மரியசெல்வியின் கையிலும் ஒரு கொத்துச் சந்தனத்தை அப்பிவிட்டாள். அந்த வழுக்கல் விரலோடு வீடியோ பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். நிறுத்தியதாக நினைத்துக்கொண்டாள்.

கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தெரிந்ததால் உட்காரவில்லை. அவள் தொழிலில் நாற்காலியைப் போல எதிரி வேறில்லை.

"வந்துட்டாக! வந்துட்டாக!" என்று சத்தம் கேட்டது.

மேளத்தோடு, வெடியோடு, வண்டி கட்டிச் சீர் வருவதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். சோலைமுத்து மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தான். பின் சீட்டில் ஒரு பெரிய தாம்பாளத்தைத் துணியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியிருந்தான். கறுத்து, ஒட்டி உலர்ந்த ஆள். சட்டையும் வேட்டியும் புதுசு; மடிப்புக்கூடக் கலையவில்லை. விரல் நுனியெல்லாம் பச்சைக் கறை. பூந்தோட்டக்காரனுக்கு அது எந்தச் சோப்புக்கும் போகாது. கயிற்றை அவிழ்த்துத் தாம்பாளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்து வந்தான். கூட்டம் தானாகவே வழிவிட்டது.

விட்ட கையோடு அத்தனை பேரும் செல்போனைத் தூக்கினார்கள். மரியசெல்விக்கு எரிச்சல் மண்டியது. எங்கே போனாலும் இந்தக் கைகள். அண்ணன் முகத்துக்கும் தங்கை முகத்துக்கும் நடுவில் பத்துச் செல்போன் நீட்டிக்கொண்டிருந்தால் மலர்விழி எதைப் பார்ப்பாள்?

"எல்லாரும் செல்ல கீழ எறக்குங்க! தயவுசெஞ்சு! நான் நல்லா எடுத்துக் குடுக்குறேன், வாட்ஸப்ல எல்லாருக்கும் வரும். ஏ தம்பி, கூலிங்கிளாசு, ஒனக்குந்தான். எறக்கு!"

இத்தனை வருஷம் பந்தலில் கத்திக் கத்தி அவள் தொண்டைக்கு ஒரு அதிகாரம் வந்திருந்தது. அதிசயமாக எல்லோரும் இறக்கினார்கள். சிலர் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்கள். மரியசெல்வி கேமராவைத் தூக்கினாள். வீடியோ பொத்தானை அமுக்கினாள். இந்தத் தடவை நன்றாக அழுத்தியே அமுக்கினாள்.

சோலைமுத்து பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். தாம்பாளத்தைத் தங்கை பக்கம் தள்ளி வைத்தான். பட்டுப்பாவாடை, பழம், தேங்காய், ஒரு சின்னச் சிவப்பு டப்பாவில் தோடு. மலர்விழி குழந்தையை அவன் மடியில் வைத்தாள். வைக்கும்போது இருவர் கையும் உரசியது. இரண்டு பேரும் நெருப்புப் பட்டதுபோல எடுத்துக்கொண்டார்கள். ஆசாரி ஊசியை எடுத்தார். இடது காது, வலது காது. குழந்தை வீறிட்டது. மாமன்காரன் அதன் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மலர்விழி குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். மரியசெல்வி மண்டியிட்டு, மூச்சைப் பிடித்து, இருவரையும் ஒரே சட்டத்துக்குள் வைத்து மெல்ல நகர்ந்தாள். எடுத்த வரைக்கும் அவளுக்கே திருப்தியாக இருந்தது. முடிந்ததும் பொத்தானை அமுக்கினாள்.

"குரூப் போட்டோ எடுத்துக்கிருவோம், அண்ணே செத்த நில்லுங்க" என்று அவள் திரும்புவதற்குள் சோலைமுத்து எழுந்து, குழந்தையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு, செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டான். மலர்விழி குழந்தையைப் புருஷனின் தங்கை பவித்ராவிடம் கொடுத்துவிட்டு, முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி, தோப்புக்கு அந்தப் பக்கம் இருந்த பம்புசெட்டை நோக்கி நடந்தாள். முகம் கழுவத்தான் போகிறாள் என்று அங்கே யாரும் நம்பவில்லை.

மரியசெல்வி நிழலுக்கு வந்தாள். கேமராவை அணைப்பதற்காகத் திரையைப் பார்த்தாள். நிழலில் திரை பளிச்சென்று தெரிந்தது. மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது எதற்கு ஓடுகிறது?

புரிவதற்குச் சற்று நேரம் பிடித்தது. சந்தனக் கையால் அமுக்கியபோது நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. அண்ணன் உட்காரும்போது ஓட்டுவதாக நினைத்து அமுக்கினாளே, அப்போதுதான் நின்றிருக்கிறது. இப்போது நிறுத்துவதாக நினைத்து அமுக்கியதில் மறுபடி ஓட ஆரம்பித்திருக்கிறது. தலைகீழ். இந்தத் தொழிலில் புதுசாக வருகிற பயல்கள் செய்கிற தப்பு. அவள் செய்தது கிடையாது. இன்றைக்குச் செய்திருக்கிறாள்.

இருந்தும் மனசு கேட்காமல், ஓடுவதை நிறுத்திவிட்டு எடுத்ததை ஓட்டிப் பார்த்தாள். மொட்டை வந்தது. சந்தனம் வந்தது. அப்புறம் தரை. அவளுடைய செருப்புக் கால். புழுதி, ஒரு ஆட்டின் வால், ஒரு நாற்காலிக் கால். தண்ணீர் மடக் மடக்கென்று தொண்டையில் இறங்குகிற சத்தம். "ஸ்ஸப்பா" என்று யாரோ கிழவி முனகுவதுபோல ஒரு முனகல். அது தன் குரல் என்று அவளுக்கு லேசில் பிடிபடவில்லை. "வந்துட்டாக" என்ற சத்தம், செல்லை இறக்கச் சொல்லி அவள் போட்ட அதட்டல், தாம்பாளத்தின் ஒரு ஓரம். அதோடு நின்றது. அடுத்தது வெறும் நிழல்.

அண்ணன் இல்லை. தங்கை இல்லை. போட்டோவும் இல்லை, வீடியோவும் இல்லை. ஒருத்தர் செல்லிலும் இல்லை. அதையும் அவளே இறக்க வைத்துவிட்டாள். அந்தப் பாவி, கூலிங்கிளாஸ்காரன், அவனாவது சொல்பேச்சுக் கேட்காமல் இருந்திருக்கக் கூடாதா!

ஆண்டனிராஜுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"கார்டு போச்சுன்னு சொல்லிரு செல்வி. கார்டு எரர்னா யாரும் நம்மளக் குத்தம் சொல்ல முடியாது. எல்லாரும் சொல்றதுதான."

"அந்தப் புள்ள எங்கிட்ட கேட்டது அது ஒண்ணு மட்டுந்தாங்க."

"அதுக்கு இப்ப என்ன பண்ண முடியும்? முடிஞ்சு போச்சுல்ல."

அவன் சொன்னது நியாயம்தான். போனை வைத்தாள். ரோட்டுப் பக்கம் மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம் கேட்டது. வண்டி பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தான்.

மரியசெல்வி ஓடினாள். ஓட்டம் என்று அதைச் சொல்லக் கூடாது. இறுகிப்போன காலை வைத்துக்கொண்டு விந்தி விந்திப் போனாள். கேமரா நெஞ்சில் இடித்தது. "அண்ணே, அண்ணே, நில்லுங்கண்ணே" என்று கத்திக்கொண்டே போய் வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் விழுந்திருப்பாள்.

"என்னம்மா?"

"அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு. நீங்க உக்காந்தது எதுவும் பதியல. பட்டன மாத்தி அமுக்கிட்டேன். என் தப்புதான். இன்னொரு தடவை உக்காருங்கண்ணே. செத்த நேரந்தான்."

கேட்டு முடித்த பிறகுதான் தான் கேட்டது என்னவென்று அவளுக்கு உறைத்தது. எத்தனையோ மாப்பிள்ளைகளை இன்னொரு தடவை மாலை போட வைத்திருக்கிறாள். இன்னொரு தடவை தாலியைத் தொட்டு நிமிர்ந்து பார்க்க வைத்திருக்கிறாள். அவர்களும் இளித்துக்கொண்டே செய்வார்கள். இவன் முகத்தைப் பார்த்தால் அப்படிச் செய்கிறவனாகத் தெரியவில்லை.

"வெளையாடுறியா நீ?" என்றான் சோலைமுத்து. "ஒரு தடவ வந்ததே எம்புட்டுப் பாடுன்னு ஒனக்குத் தெரியுமா? அம்புட்டுப் பேரும் என்னையவே பாக்குறாங்ய, ஆத்தாள மக மூஞ்சி பாக்காமத் தூக்குனவன் இவந்தான்னு. திரும்பப் போயி கூத்துக் கட்டச் சொல்றியா?"

"கூத்து இல்லண்ணே."

"பின்ன என்ன? விடும்மா வண்டிய. இருட்டுல பூப்பறிக்க எந்திரிச்சவன் நான். மார்க்கெட்டுக்குப் போயிட்டு, துணிய மட்டும் மாத்திக்கிட்டு வாரேன். கண்ணு ரெண்டும் பூத்துப்போயிக் கெடக்கு."

"எனக்கும் முடியலண்ணே" என்றாள் மரியசெல்வி.

அவள் சொல்ல நினைத்தது அதுவல்ல. மலர்விழியைப் பற்றி, குழந்தையைப் பற்றி நாலு வார்த்தை நயமாகச் சொல்ல நினைத்திருந்தாள். வாயைத் திறந்தால் அதுதான் வந்தது. அதோடு கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துவிட்டது. வெட்கக்கேடு. துடைத்துக்கொள்ளவும் கையில்லை, ஒரு கையில் கேமரா, ஒரு கையில் அவன் வண்டி.

சோலைமுத்து வண்டியை உதைப்பதை நிறுத்தினான். பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினான். அவள் குடித்து முடித்ததும் வாங்கி மூடினான்.

"அவளுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. நாந்தான் போயிச் சொல்லணும்."

"சொன்னா என்ன செய்வா? வைவாளா?"

"வய்ய மாட்டாகண்ணே. இதுவும் நமக்கு அமையலன்னு நெனச்சுக்கிட்டுப் பேசாமப் போயிருவாக. காலையில எங்கிட்ட அது ஒண்ணுதான் கேட்டாக. நீங்க வந்தத ஒத்தையில உக்காந்து பாக்கணுமாம். வந்தீகன்னு நம்பணுமாம்."

அவன் ரோட்டைப் பார்த்தான். வெயிலில் தார் பளபளத்தது. ஒரு டவுன் பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. பஸ் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டிச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"வா" என்றான்.

அவன் திரும்பி வருவதைப் பார்த்ததும் கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் திரும்பியது. மலர்விழியின் மாமியார் சிவனம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்னப்பா, எதையும் மறந்து வச்சிட்டுப் போயிட்டியா?"

மரியசெல்வி முன்னால் வந்தாள். கார்டு எரர் என்கிற இரண்டு வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. "இல்லம்மா. நாந்தான் கூட்டியாந்தேன். இவுக மடியில வச்சுக் காது குத்தினது பதியல. பட்டன மாத்தி அமுக்கிட்டேன். இன்னொரு தடவ எடுக்கணும்."

"அடிப்பாவி மகளே! எங்க செல்ல எல்லாம் எறக்கச் சொன்னியே!" என்றாள் சிவனம்மாள்.

கூட்டம் சிரித்தது. கூலிங்கிளாஸ்காரன் சிரித்த சிரிப்பு ஊருக்கே கேட்டிருக்கும். ஒரு பெரியவர், இந்தக் காலத்துக் கேமரா எல்லாம் ஏமாற்று என்று ஆரம்பித்தார். மரியசெல்வி எல்லாவற்றையும் நின்று வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது.

"அது கெடக்கு விடுங்க" என்றான் சோலைமுத்து. பாய் இன்னும் சுருட்டாமல்தான் கிடந்தது. போய் முன்போலச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பவித்ரா குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தாள். அழுது ஓய்ந்த குழந்தை, சந்தன மொட்டையோடு அவனை அண்ணாந்து பார்த்தது. பந்திக்குப் போகவிருந்த ஆசாரியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். குத்தின காதில் மறுபடி எங்கே குத்துவது, சும்மா கையை மட்டும் வைத்துக் காட்டுகிறேன் என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

மரியசெல்வி பொத்தானை அமுக்கினாள். இடது உள்ளங்கையைத் திரைமேல் குடையாகக் கவிழ்த்து, குனிந்து, சிவப்புப் புள்ளியைக் கண்ணால் பார்த்தாள். இருக்கிறது. விநாடி ஓடுகிறது.

"ம், ஆரம்பிங்க" என்றாள் சிவனம்மாள்.

"பொறுங்க" என்றான் சோலைமுத்து. "அவ எங்க?"

"பம்புசெட்டுல இருக்கா. வருவா, வருவா. கறிச்சோறு ஆறுது, சனமெல்லாம் பசியாக் கெடக்கு. நடிக்கிறதுக்கு அவ எதுக்கு? நீ புள்ளையப் பிடி, ஆசாரி கைய வச்சா முடிஞ்சுது."

"அவ வரட்டும்."

"அட, அவ வார வரைக்கும் அம்புட்டுப் பேரும் காத்துக் கெடக்கணுமாக்கும்? நேரமாகுதுல்லப்பா."

"ஆகட்டும்" என்றான். குரலை உயர்த்தவில்லை. "எம்புட்டு நேரமானாலும் ஆகட்டும். அவ வராம நான் ஆரம்பிக்க விடமாட்டேன்."

கூட்டத்தில் விவரம் தெரிந்தவர்கள் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிவனம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். பவித்ரா மலர்விழியைக் கூப்பிடப் போகிறேன் என்று கிளம்பினாள். "வேணாம் தாயி. அவளா வரட்டும்" என்று அவன் தடுத்துவிட்டான்.

வெயிலில் எல்லோரும் நின்றார்கள். குழந்தை மாமனின் சட்டைப் பொத்தானைத் திருகிப் பார்த்தது. அலுத்துப்போய் அவன் நெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியது. அவன் தன் துண்டை எடுத்து அதன் மொட்டைத் தலைக்கு நிழலாகப் பிடித்துக்கொண்டான். இப்போது அவன் தரையைப் பார்க்கவில்லை. தோப்புப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மரியசெல்வி கேமராவை இறக்கவில்லை. யாரும் எதுவும் செய்யாமல் நிற்பதை எந்தப் போட்டோக்காரரும் எடுக்க மாட்டார்கள். ஆண்டனிராஜ் பார்த்தால், முதல் வெட்டே இங்கேதான் விழும் என்பான். தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. வெட்டட்டும் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மாமரங்களுக்கு நடுவே மலர்விழி வந்தாள். முகம், கழுத்தெல்லாம் ஈரம். தலைப்பூ சரிந்திருந்தது. கூட்டம் ஏன் இப்படிச் சத்தமில்லாமல் நிற்கிறது என்று புரியாமல் வேகமாக வந்தவள், பாயில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"போகலையா?"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"இன்னொரு தடவ எடுக்கணுமாம்" என்றான் சோலைமுத்து. "ஆரம்பிக்கச் சொன்னாக. தங்கச்சி வராம எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு உக்காந்திருக்கேன்."

மலர்விழி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாய் ஓரம் வரைக்கும் நடந்து வந்தாள். முழங்கால் மடங்கி அவன் முன்னால் உட்கார்ந்தாள். கையை ஓங்கி அவன் தோளில் ஒரு அடி அடித்தாள். புதுச் சட்டையில் ஈரக்கை அப்படியே பதிந்தது.

"இந்த வார்த்தைய அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்லண்ணே! அம்புட்டுப் பேர்கிட்டயும், எந்தங்கச்சி வரட்டும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல!"

ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோலைமுத்துவின் வாய் கோணியது. தூங்குகிற குழந்தை எழுந்துவிடாமல் ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு, மறு கையால் தங்கையின் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"சொல்லியிருக்கலாம் மலரு" என்றான். "சொல்லாம விட்டுட்டேன்."